செத்துப் பிறந்ததாக நான் எழுதிய குட்டிகள்

தம்பி,

அப்பாதான் எழுதுறேன். கடுதாசியப் பாத்ததும் பயந்துடாத, யாருக்கும் ஒண்ணும் இல்ல. அம்மாவுக்கு சக்கரை கொஞ்சம் ஏறியிருக்கு, அது எப்பவும் உள்ளதுதான். போன்லயே பேசலாமேப்பான்னு நீ கேப்ப. போன்ல பேசினா நான் பாதியில வேற கதைக்குத் தாவிடுவேன், நீயும் "சரிப்பா, கிளினிக்ல ஆள் வந்துட்டாங்க"ன்னு வெச்சிடுவ. எனக்கு எழுத்து வேலைன்னா இத்தன வருஷமா பன்னிக் கூண்டுல தொங்குற கார்டுல எழுதுறது மட்டுந்தான். அந்த கார்டுல நான் எழுதினதப் பத்திதான் இப்ப இந்தத் தாள்ல எழுத வேண்டியிருக்கு. பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பு கிப்பு இருந்தா பொறுத்துக்க. பாதியில மடிச்சு வெச்சிடாம கடைசி வரைக்கும் படி.

போன ஞாயித்துக்கிழமை நீ கிள்ளான் வீட்டுக்கு வந்தப்ப அம்மா மீன் கறி வெச்சிருந்தா. சோத்தப் பெசஞ்சுக்கிட்டே, வெளிய மழை வருதுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா ஒரு விஷயம் சொன்ன. சரவாக்ல புதுசா ஒரு பண்ணை கட்டுறாங்க, கூண்டே இல்லாம தாய்ப்பன்னிங்க குட்டி போடுற மாதிரி ரூம் போடுறாங்க, அத நடத்த உன்னக் கூப்பிட்டிருக்காங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், நீ வேணாம்னு சொல்லப் போற. அம்மா, "ஏன்டா வேணாங்கிற, இதுக்குத்தானடா படிச்ச"ன்னா. நீ தலைய நிமித்தாம, "அஞ்சு குட்டியக் கொன்னவம்மா நான். எனக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்ல பூனைக்கு நகம் வெட்டுறதுதான் சரி லா"ன்ன. அம்மா என்னப் பாத்தா. நான் அப்பளத்த எடுத்து நொறுக்கிக்கிட்டு இருந்தேன். உண்மையச் சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. சரவாக் போனா உன்ன கிறிஸ்மஸுக்கு ஒரு தடவ பாக்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்தா கோமுட்டர் ரயில் ஏறி ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடுவ. நீ கெளம்பிப் போனப்புறம் மங்கு தட்டெல்லாம் கழுவ நின்னேன், கழுவின தட்டையே மறுபடி மறுபடி கழுவிக்கிட்டு இருந்தேன். அம்மா பிரஷர் மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா.

உனக்கு நெனப்பிருக்கும், சின்னப் புள்ளையில அப்பா என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டா "பண்ணையில சூப்பர்வைசர்"னு மட்டும் சொல்லச் சொல்லி அம்மா பழக்கி வெச்சிருந்தா. கோழிப் பண்ணைன்னு நெனச்சுக்கிட்டாங்கன்னா நெனச்சுக்கட்டும்னு விட்டுடுவோம். கோல லங்காட் பக்கம் செம்பனைக் காட்டுக்குள்ள மோட்டார் சைக்கிள்ல முக்கால் மணி நேரம். அங்கயே ஒரு தடவ குளிச்சு, துணி மாத்தி, வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டி, பின்பக்கமாப் போயி டெட்டால் தண்ணியில மறுபடி ஒரு தடவ குளிச்சாத்தான் உங்கம்மா பசியாறவே வுடுவா. அப்படியும் கோயில்ல பூசையப்ப பக்கத்து பெஞ்சுல இருக்கிறவங்க மூக்கச் சுளிப்பாங்க. நீ செர்டாங்ல மாட்டு டாக்டருக்குப் படிக்க எடம் கெடச்சப்ப, "பன்னி படிக்க வெச்ச டாக்டர்"னு நான் உன்னக் கிண்டல் பண்ணேன். நீ சிரிச்ச. எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ பெருமை, தம்பி.

என் வேலை குட்டி போடுற கொட்டாய். அதுல ஒவ்வொரு தாய்க்கும் ஒரு கம்பிக் கூண்டு. திரும்ப முடியாது, எந்திரிக்கலாம், படுக்கலாம், அவ்வளவுதான். குட்டிங்க ரெண்டு பக்கமும் கம்பிக்கு வெளிய இருக்கும், மூலையில சூட்டு விளக்கு எரியும். தாய் சட்டுனு படுத்தா குட்டி அடியில மாட்டி நசுங்கிடும், அதத் தடுக்கத்தான் கூண்டு. இதத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க, நானும் வந்த ஆளுங்களுக்கெல்லாம் இதையேதான் சொல்லிக் குடுத்தேன். ஆனா கூண்டுக்குள்ளயும் நசுங்கும். பால் குடிக்க எட்டிப் போற குட்டி, சூட்டு விளக்கு அவிஞ்சா தாய்கிட்ட ஒட்டிக்கிற குட்டி, எல்லாம் நசுங்கும். கூண்டு மேல தொங்குற கார்டுல மூணு கட்டம். உயிரோட பொறந்தது, செத்துப் பொறந்தது, நசுங்கினது. தவுக்கே, அதான் எங்க சீன முதலாளி, காலையில வந்தா மூணாவது கட்டத்தத்தான் மொதல்ல பாப்பார். அதுல ஒண்ணு இருந்தாலும் எல்லார் முன்னாடியும் கத்துவார். ரெண்டாவது கட்டத்துல நாலு இருந்தாக்கூட உச்சுக் கொட்டிட்டுப் போயிடுவார். நசுங்கினா உன் தப்பு, செத்துப் பொறந்தா சாமி தப்பு. அவர் கணக்கு அப்படி.

நான் என்ன பண்ணேன்னு இப்ப உனக்குப் புரிஞ்சிருக்கும். நசுங்கினதையெல்லாம் ரெண்டாவது கட்டத்துல எழுதினேன். மொதல்ல எப்பவாச்சும் ஒண்ணு, அப்புறம் பழக்கமாயிடுச்சு. தவுக்கேக்கு சந்தேகம் வராம இருக்க மூணாவது கட்டத்துல அங்கங்க ஒண்ணு போட்டு வெப்பேன். இத்தன வருஷமா என் தப்பையெல்லாம் சாமி பேர்ல எழுதியிருக்கேன், தம்பி. தவக்காலத்துல பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன், கோவம், குடி, அம்மாவத் திட்டினது எல்லாம் ஃபாதர்கிட்ட சொல்லுவேன். இத ஒரு நாளும் சொன்னதில்ல. பன்னிக்குட்டி விஷயத்தப் போயி ஃபாதர்கிட்ட சொல்றதான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்குவேன்.

நீ மூணாவது வருஷம் படிக்கிறப்ப ஒரு நாள் சாப்பாட்டு மேசையில சொன்ன, ஞாபகம் இருக்கா? பொறக்கிறப்ப குட்டி குளம்பு நுனியில வெள்ளையா மெத்துனு ஒரு உறை இருக்கும், நாலடி நடந்தா தேஞ்சுடும், அதனால குளம்பப் பாத்தே செத்துப் பொறந்ததா, பொறந்து நடந்து செத்ததான்னு சொல்லிடலாம்னு. அம்மா, "சாப்பிடுறப்ப பேசுற பேச்சா"ன்னு திட்டினா. நீ என்னமோ கண்டுபிடிச்சிட்டு சாடையாப் பேசுறன்னு நெனச்சேன். நீ பாவம், படிச்சத அப்பாகிட்ட ஆசையாச் சொல்லிக்கிட்டு இருந்த. அதுக்கப்புறம் நீ பண்ணைக்கு வர்ற நாள்ல செத்த குட்டியெல்லாம் நீ பாக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துப் புதைச்சிடுவேன்.

படிப்பு முடிச்சு நீ தவுக்கேகிட்ட போயிக் கேட்ட. ஒரே ஒரு ரூம் குடுங்க, கூண்டு இல்லாம ஒரு தாயக் குட்டி போட விட்டுப் பாக்குறேன்னு. அவருக்கு உன் மேல ஒரு மரியாதை. என்னை அத்தன வருஷமா "ஹோய்"னு கூப்பிட்டவர் உன்ன "டாக்டர், டாக்டர்"ங்கிறார். அது எனக்கு சந்தோஷமாவும் இருந்துச்சு, குத்தவும் செஞ்சுச்சு. அப்பன் மகன் மேல பொறாமைப்படலாமான்னு கேக்காத. பட்டேன். நீ சுவரு ஓரமா கம்பி கட்டின, சாஞ்ச பலகை அடிச்ச, தாய் சாஞ்சு படுத்தா குட்டி ஓடி ஒளிய எடம் விட்ட. சிகிஞ்சான் வயல்ல இருந்து வைக்கோல் லோரியில வரவழைச்ச. அப்புறம் எந்தத் தாய விடுறதுன்னு தேட, எல்லா கார்டையும் எடுத்துக்கிட்டு உக்காந்த.

நூத்திப் பன்னெண்டாம் நம்பர நீ எடுத்த. ஏன்னு கேட்டேன். "போன ஈத்துல மூணு செத்துப் பொறந்திருக்குப்பா, அதுக்கு முந்தின ஈத்துல நாலு. கூண்டுக்குள்ள அசைய முடியாம பிரசவம் இழுத்துக்கிட்டுப் போகுது போல. இவளத் தொறந்து விட்டா சுலபமாப் போடுவா, பாருங்களேன்"ன்ன. என் வாய் வரைக்கும் வந்துச்சு. அவளுக்கு பின்னங்கால் ஒண்ணு வலி. மெல்ல முட்டி போட்டு, உறுமி, குட்டிங்கள வெலக்கிட்டுப் படுக்கிற தாய் இல்ல அவ. மூட்டையப் போட்ட மாதிரி தொப்புனு விழுவா. அந்த மூணும் அந்த நாலும் செத்துப் பொறக்கல, அவ அடியில போனது. என் கையெழுத்த நம்பித்தான் நீ அவளத் தேர்ந்தெடுத்த. சொன்னா கார்டெல்லாம் பொய்னு ஆயிடும், உன் முன்னாடி நான் என்ன ஆவேன்? "நல்ல பன்னி, நல்ல பால்"னு மட்டும் சொன்னேன். பால் நெசமாவே நல்ல பால்தான்.

குட்டி போடுறதுக்கு முந்தின நாள் அவ அந்த வைக்கோல வாயில கவ்விக் கவ்வி மூலைக்குக் கொண்டு போனா. தோண்டினா, சுத்தினா, மறுபடி போயி கவ்விக்கிட்டு வந்தா. அவ திரும்பி நடந்து நான் அன்னிக்குத்தான் பாக்குறேன். சாயங்காலம் பாத்தா ஒரு கூடு. கூண்டுல இருக்கிறப்ப இதே நேரத்துல அதுங்க சிமிட்டித் தரையப் பிராண்டும், கம்பியக் கடிச்சு வாயெல்லாம் நுரை தள்ளும். கொட்டாயே அதிரும். "பைத்தியம் புடிச்சிருச்சு"ன்னு சொல்லி பைப்பால கம்பியில அடிச்சு அடக்குவேன். அதுங்க கூடு கட்டப் பாத்திருக்கு, தம்பி. வைக்கோலும் இல்ல, எடமும் இல்ல, கைக்குப் பதிலா மூக்க வெச்சுக்கிட்டு சிமிட்டியில கூடு கட்டப் பாத்திருக்கு. அதுக்குத்தான் நான் அடிச்சேன். எத்தன தடவன்னு எனக்குத் தெரியாது. உங்கிட்ட அன்னிக்கு, "வைக்கோல வேஸ்ட் பண்ணுது பாரு"ன்னு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு குட்டி போட்டா. நீ கொட்டாய் கோடியில இருந்து கத்தின, "அப்பா! ஒண்ணுகூட செத்துப் பொறக்கலப்பா!" உன் மொகத்துல அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல. சனிக்கிழமை ரெண்டு நசுங்கிச்சு. நீ சோறு தண்ணி இல்லாம அங்கயே உக்காந்துட்ட. ஞாயித்துக்கிழமை உன் மாமா மகன் புள்ளைக்கு ஞானஸ்நானம், நீதான் ஞானத் தகப்பன், போகாம இருக்க முடியாது. "நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா"ன்னு அனுப்பி வெச்சேன். நீ என் மோட்டார எடுத்துக்கிட்டு, போற வழியில ரெண்டு தடவ போன் பண்ண. "எல்லாம் சரியா இருக்குடா, போ"ன்னேன்.

இப்ப சொல்லப் போறத நான் உங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல. காலையில பத்து மணி இருக்கும். பக்கத்து ரூம்ல கோப்பி கலக்கி உக்காந்தேன். தொப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு, அடுத்து குட்டிங்க கத்துது. அந்தக் கத்தல் எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். அடியில மாட்டினது ஒடனே சாவாது. ஓடிப் போயி தாய் முதுகுல ரெண்டு தட்டு தட்டி எழுப்பினா, குட்டிய உருவி எடுத்து, மூக்கத் தொடச்சு, விளக்கடியில போட்டா பொழச்சுக்கும். ஆயிரம் தடவ அப்படி எடுத்திருக்கேன். கோப்பிய அப்படியே கொட்டிட்டு ஓடியிருக்கேன், ஒரு தடவ வேட்டி அவுந்து ஓடினேன்னு நீங்கள்லாம் வருஷம் பூரா சிரிச்சீங்க. அன்னிக்கு எந்திரிக்கல. கால் வலின்னு இல்ல, தூக்கம்னு இல்ல. முழிச்சுக்கிட்டு, கோப்பி மங்கக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்த ரூம் ஜெயிச்சா, கூண்டுக்குள்ள நான் கழிச்ச ஆயுசு பூரா என்னத்துக்குன்னு ஆயிடும்னு ஓடுது மண்டைக்குள்ள. கத்தல் நிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் போயிப் பாத்தேன். மூணு குட்டி. அவ தலையத் தூக்கி என்னப் பாத்தா, மறுபடி படுத்துக்கிட்டா.

நீ ஞானஸ்நானத்துச் சட்டையோடவே ஓடி வந்த. "நான் உருவி எடுக்க ஓடினேன்டா, எட்டல"ன்னு உங்கிட்ட சொன்னேன். நீ என் தோளத் தட்டி, "நீங்க என்னப்பா பண்ணுவீங்க"ன்ன. நீ எனக்கு ஆறுதல் சொன்ன, தம்பி. திங்கக்கிழமை தவுக்கே கார்டெல்லாம் எடுத்துப் பாத்தார். கூண்டு எட்டுலயும் சேத்து அந்த வாரம் நசுங்கினது ஒண்ணு, டாக்டர் ரூம்ல அஞ்சு. பேச்சே இல்ல, பலகையப் பிரிங்கன்னுட்டார். அந்த எட்டுக் கூண்டுலயும் நெசமா நசுங்கினது ஆறு. அஞ்ச நான் சாமி கணக்குல எழுதியிருந்தேன். ஒரு ரூமுக்கு அஞ்சுங்கிறது அதிகந்தான், அத நான் மழுப்பல. ஆனா அதுல மூணு என் கணக்கு, மீதி ரெண்டும் நொண்டிக் காலு, அந்தக் காலையும் மறைச்சவன் நான். உன் ரூம்ல, உன் பலகையில, உன் வைக்கோல்ல ஒரு தப்பும் இல்ல. அந்த மாசக் கடைசியில நூத்திப் பன்னெண்ட கறிக்கு லோரியில ஏத்தினோம். நீ அவ காதப் புடிச்சுக்கிட்டு, "ஸோரி"ன்ன. அவகிட்ட ஸோரி கேக்க வேண்டிய ஆளு நான், பின்னாடி வால் பக்கம் நின்னு தள்ளிக்கிட்டு இருந்தேன்.

அதுக்கப்புறம் நீ பண்ணைப் பேச்சையே எடுக்கல. பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்ல சேந்த. பூனை நாய் பாக்குறது கேவலம்னு நான் சொல்லல, ஆனா அது நீ ஆசைப்பட்டுப் போனதில்ல, உன்ன நீயே தண்டிச்சுக்கப் போனது. அஞ்சு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உனக்கு எதிர்ல உக்காந்து மீன் முள்ளு எடுத்திருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். போன வருஷம் வேலைய விட்டப்புறம் பயப்பட தவுக்கேயும் இல்ல, கார்டும் இல்ல. அப்பவும் சொல்லல. தவுக்கேக்கு பயந்தேன்னு அது வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இல்ல, உனக்குத்தான் பயந்திருக்கேன்.

இதுக்கப்புறம் நீ என்ன வேணா பண்ணு, ஆனா நான் சொல்ற ரெண்டு மூணு விஷயத்த மட்டும் கேட்டுக்க. இத எந்தப் புத்தகத்துலயும் உனக்கு யாரும் எழுதித் தந்திருக்க மாட்டாங்க, ஏன்னா எழுத வேண்டியவங்க என்ன மாதிரி ஆளுங்க. அங்க போனா, குட்டி நசுங்கினதுக்காக எந்த வேலையாளையும் மத்தவங்க முன்னாடி திட்டாத. திட்டினா மறுநாள்ல இருந்து உனக்கு நல்ல கார்டு கெடைக்கும், செத்த குட்டி கெடைக்காது. கார்டப் பாத்துத் தாய எடுக்காத. அவ படுக்கிறதப் பாரு, எந்திரிக்கிறதப் பாரு, காலத் தடவிப் பாரு. மெல்ல முட்டி போடுறவளா, மொதல்ல மூக்கால குட்டிங்கள ஓரங்கட்டுறவளான்னு பாத்து அவளத் தொறந்து விடு. பால் விடுறப்ப அவ உறுமுறது வேகமாகும், அந்த இருபது எண்ணுற நேரந்தான் பால் எறங்கும், அப்ப கொட்டாய்ல யாரையும் வாளிய உருட்ட விடாத. மொத மூணு நாளைக்குப் பக்கத்துலயே ஆள் உக்காரட்டும். அந்த ஆளுக்கு உன் மேல பொறாமை இல்லாமப் பாத்துக்க. இதச் சொல்ல எனக்கு வெக்கமாத்தான் இருக்கு, ஆனா எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இது வேற யாருக்கும் தெரியாது.

இந்தக் கடுதாசிய அம்மா நாளைக்கு கோமுட்டர்ல வர்றப்ப ஊறுகா போத்தலோட கொண்டாந்து குடுப்பா. அவளுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, நீ சொல்லணும்னு நெனச்சா சொல்லிக்க, நானும் சொல்லிடுவேன். கூட ஒரு தாள் வெச்சிருக்கேன். எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் அந்த வாரம் எந்தக் கூண்டுல எத்தன நசுங்கிச்சுன்னு சரியான கட்டத்துல எழுதியிருக்கேன். உன் ரூம் வரிசையில மூணுக்கு நேரா என் பேர் போட்டிருக்கேன். சரவாக்காரங்க அந்த ரூம் ஏன் தோத்துச்சுன்னு கேட்டா இதக் காட்டு. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், யார் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்றேன்.

என்னை மன்னிச்சிடுன்னு எழுத உக்காந்தேன், அத மட்டும் எழுத வரல. கோவம் வந்தா வரட்டும், வராம இருந்தாத்தான் எனக்குக் கஷ்டம். இந்த ஞாயித்துக்கிழமை நீ சாப்பிட வரலன்னாலும் ஏன்னு கேக்க மாட்டேன், அம்மாவையும் கேக்க விட மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் மட்டும் எழுதிடு. எனக்கில்ல. அவங்களுக்கு.

அப்பா